ஏற்காடு போய்வந்ததை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி: சிம்பிள் பாஸ்ட், பாஸ்ட் பர்ஃபெக்ட் தேர்ந்தெடுக்கும் முறை

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போய்வந்த ஒரு மாணவியிடம் மறுநாள் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதச் சொன்னால், முதல் வரி பெரும்பாலும் இப்படி வரும்: ‘யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு ஏற்காடு.’ கடைசி வரி இப்படி முடியும்: ‘வென் வீ ரீச்டு தி பஸ் ஸ்டாண்ட், தி பஸ் வென்ட்.’ முதல் வரியில் தேவையில்லாத ஒரு ஹேட் வந்து உட்கார்ந்திருக்கிறது. கடைசி வரியில் கட்டாயம் வரவேண்டிய ஹேட் விட்டுப்போயிருக்கிறது.

இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். அவள் மனத்தில் ஓடியது நல்ல தமிழ்: ‘நேற்று ஏற்காடு போயிருந்தேன்’, ‘நாங்கள் போவதற்குள் பஸ் போய்விட்டது’. ‘போயிருந்தேன்’ என்பது ஹேட் கான் போலத் தோன்றுகிறது. ‘போய்விட்டது’ என்பது வென்ட் போலத் தோன்றுகிறது. இரண்டு தோற்றமும் அவளை எதிரெதிர்த் திசையில் இழுத்துப் போய்விட்டன. ஹேட் எப்போது வரும் என்பதைத் தமிழ் வினையின் வாலைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. நிகழ்ச்சிகளை அடுக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த அடுக்கும் வேலையைப் படிப்படியாகச் செய்து காட்டுவதுதான் இந்தக் கட்டுரை.

பயிற்சிக்கு இரண்டு சரக்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போய்வந்த ஒரு நாள். இன்னொன்று, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையோடு சேர்ந்த வரலாறு. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், ஹேட் விழும் இடம் காதுக்குத் தெரிய வேண்டும்.

படி 1: நடந்ததை நடந்த வரிசையில் அடுக்குங்கள்

எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் நிகழ்ச்சிகளைக் காலவரிசைப்படி ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே குறிக்கலாம். வாக்கியம் வேண்டாம், வினை போதும்.

எடுத்துக்காட்டாக ராபர்ட் புரூஸ் ஃபூட்டை எடுத்துக்கொள்வோம். இந்தியத் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த நிலவியலாளர் அவர். ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டைத் தன் ஊராக்கிக்கொண்டவர். அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருடைய நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர் வாழ்க்கையை இப்படி அடுக்கலாம்:

1834: பிறந்தார்.
1858: இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார்.
1863: பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்தார்.
1891: ஓய்வுபெற்றார்.
1904: சென்னை அருங்காட்சியகம் அவர் சேகரிப்பை வாங்கியது.
1912: இறந்தார்.
1914: அந்தச் சேகரிப்பின் விவரப் பட்டியல் அச்சாகி வந்தது.

இந்தப் பட்டியலில் எந்த வினைக்கு ஹேட் வேண்டும்? இப்போதைக்கு எதற்கும் வேண்டாம். பழைய காலத்தில் நடந்தது என்பதால் மட்டும் ஹேட் வந்துவிடாது. 1834 எவ்வளவு பழையதோ, நேற்றும் அந்த அளவுக்கு ‘இறந்தகாலம்’தான், இரண்டுக்கும் சிம்பிள் பாஸ்ட் போதும். ரொம்ப நாளைக்கு முன் நடந்தால் பாஸ்ட் பர்ஃபெக்ட் என்ற எண்ணம் பலரிடம் ஊறிக்கிடக்கிறது. முதலில் அதை விட்டுவிட வேண்டும்.

படி 2: நிற்கும் இடத்தைத் தீர்மானியுங்கள்

ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவில் வண்டியை நிறுத்திக் கீழே எட்டிப்பார்த்தால், ஏறிவந்த பாதை தெரியும். ஏறிக்கொண்டே இருப்பவருக்கு அந்தக் காட்சி கிடையாது. நின்று திரும்பியவருக்குத்தான் உண்டு. பாஸ்ட் பர்ஃபெக்ட்டும் அப்படித்தான். இறந்தகாலத்துக்குள் ஓர் இடத்தில் நின்று, அதற்கும் முன்னால் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும்போது மட்டும் அது தேவைப்படும்.

ஆகவே பட்டியலைப் பார்த்து உங்களை நீங்களே கேளுங்கள்: ‘நான் எந்த நிகழ்ச்சியில் நின்றுகொண்டு கதை சொல்கிறேன்?’ அந்த நிகழ்ச்சியின் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வைக்க இடமே இல்லை என்றால், நீங்கள் நிற்காமல் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அப்போது ஹேட் வேண்டாம்.

‘யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு ஏற்காடு’ என்ற வாக்கியத்தின் குறை இங்கேதான். அதில் நேற்று போனது ஒன்றுதான் நிகழ்ச்சி. அதற்குப் பின்னால் நின்று பார்க்க இறந்தகாலத்தில் வேறு நிகழ்ச்சி இல்லை. கேட்கும் ஆங்கிலக்காரர், ‘சரி, போயிருந்தாய், அப்புறம் என்ன நடந்தது?’ என்று அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். ‘யெஸ்டர்டே ஐ வென்ட் டு ஏற்காடு’ என்றால் வாக்கியம் தானே நிறைந்துவிடும்.

படி 3: வரிசை மாறாமல் சொன்னால் சிம்பிள் பாஸ்ட்டிலேயே போங்கள்

‘காலையில் சேலத்தில் பஸ் ஏறி, ஏற்காட்டில் இறங்கி, காப்பி குடித்துவிட்டு ஏரிக்குப் போனோம்.’ தமிழில் ஏறி, இறங்கி, குடித்துவிட்டு என்ற வினையெச்சங்களே வரிசையைக் காட்டிவிடுகின்றன. முற்றுவினை கடைசியில் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றும் தனி முற்றுவினையாகும். ஆனால் வாக்கியத்தில் வந்த வரிசையே நடந்த வரிசையாக எடுத்துக்கொள்ளப்படும்.

‘வீ டுக் எ பஸ் ஃப்ரம் சேலம். வீ காட் டவுன் அட் ஏற்காடு, ட்ரேங்க் காஃபி அண்ட் வென்ட் டு தி லேக்.’

டுக், காட், ட்ரேங்க், வென்ட்: எல்லாம் சிம்பிள் பாஸ்ட். காப்பி குடித்தது ஏரிக்குப் போவதற்கு முன்னால் நடந்தது உண்மைதான். ஆனாலும் ‘ஹேட் ட்ரங்க்’ தேவையில்லை. முன்னால் நடந்ததை முன்னாலேயே சொல்லிவிட்டோம், திரும்பிப் பார்க்கவில்லை. ‘இரண்டு செயலில் முதலில் நடந்தது பாஸ்ட் பர்ஃபெக்ட், பின்னால் நடந்தது சிம்பிள் பாஸ்ட்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் இடறும் இடம் இது. அந்த விதியை அப்படியே பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஹேட் முளைக்கும்.

ஃபூட்டின் கதையும் அப்படியே: ‘ஃபூட் ஜாயின்டு தி ஜியலாஜிக்கல் சர்வே இன் 1858. இன் 1863 ஹீ ஃபவுண்ட் எ ஸ்டோன் டூல் அட் பல்லாவரம். ஹீ ரிட்டயர்டு இன் 1891.’ முப்பத்துமூன்று ஆண்டுகள் கடந்தும் ஒரு ஹேட் கூட இல்லை.

படி 4: பின்னால் போகும் வினைக்கு மட்டும் ஹேட் கொடுங்கள்

இப்போது அதே பட்டியலில் 1904க்குப் பக்கத்தில் புள்ளி வைத்துத் தொடங்குங்கள். அருங்காட்சியகம் சேகரிப்பை வாங்கியதுதான் முதல் வாக்கியம். பல்லாவரம் அதற்குப் பிறகு வருகிறது. ஆனால் காலத்தில் முந்தியது.

‘இன் 1904 தி மெட்ராஸ் மியூசியம் பாட் ஃபூட்ஸ் கலெக்ஷன். ஹீ ஹேட் ஃபவுண்ட் தி ஃபர்ஸ்ட் டூல் அட் பல்லாவரம் இன் 1863.’

இங்கே ஹேட் இல்லாவிட்டால் படிப்பவர் ஆண்டைப் பார்த்துத்தான் பின்னால் போக வேண்டும். ஆண்டும் இல்லாத இடத்தில், வாங்கிய பிறகு கண்டெடுத்தார் என்றே நினைத்துவிடுவார். பாட், ஃபவுண்ட் போன்ற வினைகளுக்கு இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே. எனவே காலத்தைக் காட்டும் பொறுப்பு முழுவதும் ஹேட் தலையில் விழுகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். குறிப்பிட்ட ஆண்டையோ தேதியையோ சொன்னால் பர்ஃபெக்ட் கூடாது என்று பள்ளியில் படித்திருப்போம். அது ஹேவ், ஹேஸ் வரும் பிரசன்ட் பர்ஃபெக்ட்டுக்கான விதி. ஹேட் பக்கத்தில் ‘இன் 1863’ தாராளமாக வரலாம்.

எவ்வளவு காலமாக என்று சொல்லும்போதும் நிற்கும் இடம்தான் கணக்கு. சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட். ஆங்கிலேயக் கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த டி. எச். ஹாலண்டு, 1893இல் அந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். இதை எழுதும்போது: ‘வென் ஹாலண்டு நேம்டு தி ராக் இன் 1893, தி ஸ்டோன் ஹேட் பீன் ஆன் சார்னாக்ஸ் டூம் ஃபார் அபவுட் 200 இயர்ஸ்.’ பெயர் சூட்டிய 1893இல் நிற்கிறோம். அதுவரை கல் கிடந்த காலத்தைத் திரும்பிப் பார்த்து அளக்கிறோம்.

படி 5: தமிழ் வினையை மூன்று இடத்தில் சோதியுங்கள்

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவது குற்றமில்லை. எங்கே இரண்டும் பிரிகின்றன என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலாவது, ‘இருந்தேன், இருந்தார்’ என்று முடியும் வினை. ‘நேற்று மாமா வந்திருந்தார்’, ‘போன வாரம் மெயில் அனுப்பியிருந்தேன்’, ‘அப்போதே சொல்லியிருந்தேனே.’ மாமா வந்தார், பேசினார், போய்விட்டார் என்ற முழு நிகழ்ச்சியையும் ‘வந்திருந்தார்’ ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடும். இன்னொரு நிகழ்ச்சியின் துணை அதற்குத் தேவையில்லை. ஆங்கிலத்தில் இவை மூன்றும் தனியாக நின்றால் சிம்பிள் பாஸ்ட்: ‘மை அங்கிள் கேம் யெஸ்டர்டே’, ‘ஐ சென்ட் யூ எ மெயில் லாஸ்ட் வீக்’, ‘ஐ டோல்டு யூ தென்.’ அலுவலகக் கடிதங்களில் ‘வீ ஹேட் சென்ட் தி கொட்டேஷன் லாஸ்ட் வீக்’ என்று வழக்கமாக எழுதுகிறோம். அந்த ஹேட்டை எடுத்துவிட்டால் கடிதம் தெளிந்துவிடும்.

இரண்டாவது, ‘விட்டது, விட்டார்’ என்று முடியும் வினை. ‘நாங்கள் போவதற்குள் பஸ் போய்விட்டது’, ‘போய்ச் சேரும்போது டிக்கெட் கவுண்டரை மூடிவிட்டார்கள்.’ ‘போவதற்குள்’, ‘சேரும்போது’ என்பவை நிற்கும் இடங்கள். அதற்கு முன்பே காரியம் முடிந்துவிட்டது. ஆகவே ஹேட் கட்டாயம்: ‘வென் வீ ரீச்டு தி பஸ் ஸ்டாண்ட், தி பஸ் ஹேட் லெஃப்ட்.’

மூன்றாவது, பெயரெச்சம். ‘ஃபூட் சேர்த்த கருவிகளை அருங்காட்சியகம் வாங்கியது.’ சேர்த்த என்ற சொல் இறந்தகாலம் என்று மட்டும் சொல்லும். வாங்கியதற்கு முன்னா பின்னா என்று சொல்லாது. தமிழுக்கு அது தேவையும் இல்லை, பொருளே விளக்கிவிடும். ஆங்கிலத்தில் ‘தி மியூசியம் பாட் தி டூல்ஸ் ஃபூட் ஹேட் கலெக்டடு’ என்று எழுதினால் முறையாக இருக்கும். செய்த, நட்ட, கட்டிய, சொன்ன என்று பெயரெச்சம் வரும்போதெல்லாம் ஒரு கணம் நின்று, முற்றுவினைக்கு முந்தியதா என்று பாருங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். ‘அவர் கொண்டுவந்த காப்பி பின்னாளில் மலை முழுவதும் பரவியது’ என்றால்: ‘தி காஃபி ஹீ ஹேட் பிராட் லேட்டர் ஸ்ப்ரெட் அக்ராஸ் தி ஹில்ஸ்.’

படி 6: இணைப்புச் சொல்லைப் பாருங்கள்

இரண்டு நிகழ்ச்சியை ஒரே வாக்கியத்தில் கட்டும்போது, கட்டும் சொல்லே வரிசையைச் சொல்கிறதா என்று பாருங்கள்.

ஆஃப்டர், பிஃபோர் இரண்டும் வரிசையைத் தாமே சொல்லிவிடும். ‘ஆஃப்டர் வீ ரீச்டு தி டாப், வீ ட்ரேங்க் காஃபி’ சரி. ‘ஆஃப்டர் வீ ஹேட் ரீச்டு’ என்றாலும் சரி. ஏறி முடித்தது கொஞ்சம் அழுத்தமாகக் கேட்கும், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் ஹேட் இல்லாமல் எழுதுங்கள்.

வென் அப்படியில்லை. அது வரிசை சொல்லாது. ஆகவே வினை வடிவம்தான் பொருளை முடிவு செய்யும். சேலத்தைப் பார்த்தபடி இருக்கும் லேடீஸ் சீட்டில் மாலை வெயில் சாய்வதைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்:

‘வென் வீ ரீச்டு லேடீஸ் சீட், தி சன் செட்.’ போய்ச் சேர்ந்தோம், அப்போதே சூரியன் மறைந்தது. மறைந்ததைக் கண்ணால் பார்த்தோம்.

‘வென் வீ ரீச்டு லேடீஸ் சீட், தி சன் வாஸ் செட்டிங்.’ போய்ச் சேர்ந்தபோது மறைந்துகொண்டிருந்தது.

‘வென் வீ ரீச்டு லேடீஸ் சீட், தி சன் ஹேட் செட்.’ போவதற்கு முன்பே மறைந்துவிட்டது. சேலத்து விளக்குகளைத்தான் பார்த்தோம்.

ஒரு சிறு சொல்லால் அந்த மாலைப்பொழுதே வேறாகிவிடுகிறது.

பிகாஸ் காரணத்தைச் சொல்லும். காரணம் பெரும்பாலும் விளைவுக்கு முந்தியது. ‘வீ மிஸ்டு தி போட் ரைட் பிகாஸ் தி கவுண்டர் ஹேட் குளோஸ்டு.’ பை தி டைம் என்று தொடங்கினால் ஹேட் ஏறக்குறைய நிச்சயம்: ‘பை தி டைம் தி கேட்டலாக் கேம் அவுட் இன் 1914, ஃபூட் ஹேட் டைடு.’ ஆல்ரெடி, ஜஸ்ட், நெவர் ஆகியவையும் ஹேட்டை ஒட்டி வரும் சொற்கள். ‘அதுவரை நான் ஏற்காட்டுக்குப் போனதே இல்லை’ என்பது ‘அன்டில் தென் ஐ ஹேட் நெவர் பீன் டு ஏற்காடு.’

படி 7: நீண்ட முன்கதையில் ஹேட்டைக் குறையுங்கள்

ஒரு பத்தி முழுவதும் பின்னோக்கிப் போக வேண்டியிருந்தால், ஒவ்வொரு வினைக்கும் ஹேட் போட்டால் படிப்பவருக்கு மூச்சுமுட்டும். முதல் ஒன்றிரண்டு வினைகளில் ஹேட் போட்டு வாசகரைப் பின்னால் அழைத்துப்போங்கள். போய்ச் சேர்ந்ததும் சிம்பிள் பாஸ்ட்டில் சொல்லுங்கள். மீண்டும் நிற்கும் இடத்துக்கு வரும்போது, வந்துவிட்டோம் என்பதற்கு ஒரு சொல் கொடுங்கள்: நவ், தட் ஈவினிங், இன் 1904 என்பது போல.

‘இன் 1904 தி மியூசியம் பாட் தி கலெக்ஷன். ஃபூட் ஹேட் ஜாயின்டு தி சர்வே இன் 1858. ஃபைவ் இயர்ஸ் லேட்டர் ஹீ ஃபவுண்ட் எ ஸ்டோன் டூல் அட் பல்லாவரம், அண்ட் ஹீ வென்ட் ஆன் கலெக்டிங். நவ் தி டூல்ஸ் ஹேட் எ ஹோம்.’ இரண்டாம் வாக்கியத்தில் மட்டும் பின்னோக்கும் ஹேட். அடுத்ததில் சிம்பிள் பாஸ்ட். கடைசி வாக்கியத்தில் வரும் ஹேட் வேறு: ‘இருந்தது, கிடைத்தது’ என்ற பொருளில் வரும் முதன்மை வினை. அதற்குப் பின்னால் மூன்றாம் வடிவம் இல்லை என்பதைக் கவனித்தால் குழப்பம் வராது.

படி 8: வினை வடிவத்தைச் சரிபாருங்கள்

ஹேட் பக்கத்தில் எப்போதும் மூன்றாம் வடிவம். ஹேட் கான், ஹேட் சீன், ஹேட் ட்ரங்க், ஹேட் பிகன், ஹேட் ரிட்டன். ‘ஹேட் வென்ட்’, ‘ஹேட் சா’ இரண்டும் தவறு. நான், நீ, அவர், அவை என்று யார் செய்தாலும் ஹேட் மாறாது. எதிர்மறைக்கு ‘ஹேட் நாட் ரீச்டு’. ‘டிடின்ட் ஹேட்’ என்று எங்கும் வராது. ‘சாப்பிட்டு முடித்திருந்தோம்’ என்பதற்கு ‘வீ ஹேட் ஹேட் லஞ்ச்’ என்று இரண்டு ஹேட் சேர்ந்து வந்தால் பயப்பட வேண்டாம். முதல் ஹேட் துணைவினை, இரண்டாவது ஹேவ் என்ற வினையின் மூன்றாம் வடிவம்.

படி 9: தனி வழக்குகள் இரண்டை நினைவில் வையுங்கள்

பிறர் சொன்னதை நம் சொல்லில் எழுதும்போது, சொன்ன நேரமே நிற்கும் இடம். கிளியூர் அருவியில் தண்ணீர் வற்றிவிட்டதென்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னார் என்றால்: ‘எ வில்லேஜர் டோல்டு அஸ் தட் தி ஃபால்ஸ் ஹேட் ட்ரைடு அப்.’ ஆனால் ஆண்டோடு வரும் வரலாற்றுச் செய்தி சிம்பிள் பாஸ்ட்டிலேயே நிற்கலாம்: ‘ஹீ டோல்டு அஸ் தட் மான்ட்ஃபோர்ட் ஸ்கூல் ஓப்பன்டு இன் 1917.’

நடக்காமல் போனதைப் பற்றிப் பேசும்போதும் ஹேட் வரும். ‘ஐந்து மணிக்கே ஏரியை விட்டுக் கிளம்பியிருந்தால் சூரியன் மறைவதைப் பார்த்திருப்போம்’: ‘இஃப் வீ ஹேட் லெஃப்ட் தி லேக் அட் ஃபைவ், வீ வுட் ஹேவ் சீன் தி சன்செட்.’ இங்கே ‘கிளம்பியிருந்தால்’ நம்மை ஏமாற்றவில்லை. நேராக ஹேட்டிடம் கொண்டுபோய் விடுகிறது. ஏக்கமும் இதே வழிதான்: ‘ஐ விஷ் வீ ஹேட் லெஃப்ட் எர்லியர்.’

படி 10: ஒவ்வொரு ஹேட்டையும் விசாரியுங்கள்

எழுதி முடித்ததும் துணைவினையாக வரும் ஹேட் ஒவ்வொன்றையும் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: ‘நீ எந்த நிகழ்ச்சியில் நின்று திரும்பிப் பார்க்கிறாய்?’ அந்த நிகழ்ச்சி அதே வாக்கியத்திலோ அதற்கு முந்தைய வாக்கியத்திலோ இருந்தால் ஹேட் இருக்கட்டும். இல்லையென்றால் எடுத்துவிட்டு இரண்டாம் வடிவம் போடுங்கள். பிறகு வென், பிகாஸ், பை தி டைம் வரும் வாக்கியங்களைத் தேடி, விட்டுப்போன ஹேட் உண்டா என்று பாருங்கள்.

அந்த மாணவியின் நாலு வரி திருத்தத்துக்குப் பின் இப்படி நிற்கும்:

‘யெஸ்டர்டே ஐ வென்ட் டு ஏற்காடு வித் மை ஃபேமிலி. வீ வென்ட் டு தி லேக், பட் தி கவுண்டர் ஹேட் குளோஸ்டு. வீ வாக்ட் டு லேடீஸ் சீட் அண்ட் சா தி லைட்ஸ் ஆஃப் சேலம். வென் வீ ரீச்டு தி பஸ் ஸ்டாண்ட், தி பஸ் ஹேட் லெஃப்ட்.’

வென்ட், வென்ட், வாக்ட், சா, ரீச்டு: இவை அந்த நாளின் நடை. ஹேட் குளோஸ்டு, ஹேட் லெஃப்ட்: இவை இரண்டும் அந்தக் குடும்பம் போய்ச் சேரும் முன்பே நடந்து முடிந்தவை. கவுண்டரும் பஸ்ஸும் கைநழுவிப்போனதை அந்த இரண்டு ஹேட்டும் சொல்கின்றன.

வீட்டில் முதல் தலைமுறையாக ஆங்கிலம் எழுதும் பிள்ளைகள் சேலத்திலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு இலக்கண விதியை மனப்பாடம் செய்யக் கொடுக்கும் முன், அவர்கள் வாழ்ந்த ஒரு நாளைக் கொடுத்து அதை அடுக்கச் சொல்லுங்கள். எது முன், எது பின், எங்கே நின்று சொல்கிறோம் என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தமிழில் தினமும் அதைத்தான் செய்கிறார்கள். தெரிந்ததை ஆங்கில வினையில் காட்டக் கற்றுக்கொடுத்தால் ஹேட் தன் இடத்தில் வந்து உட்காரும். இன்றைக்கே ஒரு தாளை எடுத்து, போன வாரம் நடந்த ஒரு நாளின் நிகழ்ச்சிகளை வரிசையாகக் குறித்து, முதலில் காலையிலிருந்து ஒருமுறையும், பிறகு இரவில் நின்று திரும்பிப் பார்த்து ஒருமுறையும் எழுதிப்பாருங்கள். முதல் முறையில் ஹேட் வராது. இரண்டாம் முறையில் ஹேட் இல்லாமல் முடியாது.